அடுத்த மாடிக்கு விட்ட கம்பி



தை பிறந்தால் புதுமனை புகுவிழா அழைப்பிதழ்கள் வரிசைகட்டி வரும். விழாவுக்குப் போய், இலையில் உட்கார்ந்து எழுந்த கையோடு கிளம்பிவிட முடியாது. வீட்டுக்காரர் நம்மை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவார். அங்கே புதுத் தண்ணீர்த் தொட்டி, ஓரமாகச் சாய்த்து வைத்த சென்ட்ரிங் பலகைகள், மிச்ச மணல். ஒவ்வொரு பில்லரின் தலையிலும் நான்கு கம்பிகள் இடுப்பளவு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். "பையனுக்குக் கல்யாணம்னு ஆனா மேலே ஒரு போர்ஷன் எடுக்கணும்ல, அதான் கம்பி விட்டு வச்சிருக்கு" என்பார். கீழே ஹாலில் டைல்ஸைக் காட்டும்போதுகூட இல்லாத ஒரு பெருமிதம் அப்போது அவர் முகத்தில் தெரியும்.

கட்டடக்கலை படித்த நண்பர்கள் சிலருக்கு இந்தக் கம்பிகளைக் கண்டாலே ஆகாது. ஊர் அழகைக் கெடுக்கிறது, அரைகுறை வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. குடும்பம் வளர்ந்தால் வீடும் கூடவே வளர வேண்டும் என்பது நம் மேஸ்திரிகளுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அந்தக் கம்பி அதற்குச் சாட்சி. அதே எண்ணத்தை வாழ்நாள் முழுக்க யோசித்து, ஒரு பெரிய குடியிருப்பாகவே திட்டமிட்டுக் காட்டிய கட்டடக்கலைஞர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். இந்த வீட்டுச் சிறப்பிதழில் என் பக்கம் அவருக்கு.

பாலகிருஷ்ண தோஷி 1927 ஆகஸ்ட் 26 அன்று புனேயில் பிறந்தவர். மரச்சாமான் தொழில் செய்த குடும்பம். தாத்தாவின் கூட்டுக்குடும்ப வீட்டில் வளர்ந்தார். ஆட்கள் கூடக்கூட அந்த வீட்டில் ஓர் அறை சேரும், அப்புறம் ஒரு மாடி, அதற்கு ஒரு படிக்கட்டு. வயதான பிறகும் பேச்சுகளில் அந்த வீட்டை அவர் விடாமல் நினைவுகூர்ந்தார். மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்துவிட்டு 1951-இல் பாரிஸ் போய், புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் எட்டு மாதம் சம்பளம் கிடையாது. 1954-இல் கொர்பூசியேயின் கட்டடங்களை மேற்பார்வையிட இந்தியா திரும்பியவர் அகமதாபாத்திலேயே தங்கிவிட்டார். பிறகு அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் அங்கே ஐ.ஐ.எம். வளாகம் கட்ட வந்தபோது அவருக்கும் துணையாக இருந்தார். 1962-இல் அவர் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளிதான் இன்று செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. 2018-இல், தொண்ணூறு வயதில், கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2023 ஜனவரியில் மறைந்தார்.

விருதும் பட்டமும் ஒருபுறம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இந்தூர் கதை.

1980-களின் தொடக்கத்தில் இந்தூர் நகரம் பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக ஒரு குடியிருப்பைத் திட்டமிடும் வேலையை இந்தூர் வளர்ச்சி ஆணையம் தோஷியின் வாஸ்து சில்பா அறக்கட்டளையிடம் கொடுத்தது. பம்பாய்-ஆக்ரா நெடுஞ்சாலையை ஒட்டி 85 ஹெக்டேர் நிலம். நம் கணக்கில் சுமார் 210 ஏக்கர். பெயர் ஆரண்யா.

இப்படி ஒரு நிலம் கிடைத்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மாடி, நான்கு மாடி பிளாக்குகள் தீப்பெட்டி அடுக்கியதுபோல் வரிசையாக எழும். சுண்ணாம்பு அடித்து, எண் எழுதி, அமைச்சர் வந்து சாவி கொடுப்பார். ஆரண்யாவுக்கு முன்னால் நடந்தது வேறு. அதே இந்தூரின் குடிசைப் பகுதிகளில் டேப் பிடித்து அளக்கும் வேலை நடந்தது. மான்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகக் குழுவும் இதில் சேர்ந்துகொண்டது; அளந்ததையும் வரைந்ததையும் 1984-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டதைப் படித்தால், இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை படித்தவர்கள் என்று நமக்குச் சிரிப்பு வரலாம். வீட்டு வாசலில் ஒரு மேடை, நம் திண்ணைதான். பாதி வேலை அதில்தான் நடக்கிறது. முன்னறையைக் கடையாக்கிக்கொண்டவர் ஒருவர், கூரைக்கு வெளியே தொழில் செய்பவர் இன்னொருவர். ஒரு மரம், அதைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம். தெரு ஒரே அகலத்தில் ஓடாமல் ஓரிடத்தில் விரிந்து, இன்னோரிடத்தில் ஒடுங்கிப் போகிறது. குடிசைவாசிகள் தம் கைப்பட அமைத்துக்கொண்ட இந்த இடங்களுக்கு, அரசு வரைபடங்களில் இடமே இல்லை. வரைபடம் போட்ட இன்ஜினியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்த விதிப்புத்தகத்தில் திண்ணை என்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

ஆரண்யாவில் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தது ஒரு மனை. மிகச் சிறியது சுமார் 35 சதுர மீட்டர். ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதில் பேஸ்மட்டம் போட்டாயிற்று. கழிப்பறையும் குளியலறையும் கட்டியாயிற்று. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வழி எல்லாம் வந்தாயிற்று. கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஓர் அறையும் சேர்த்து. மீதியை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. செங்கல்லோ, கருங்கல்லோ, கிடைத்ததை வைத்து, பணம் கையில் வந்தபோது. மொத்தம் 6,500 மனைகளில் தோஷி கட்டி நிறுத்தியவை வெறும் 80 மாதிரி வீடுகள். படிக்கட்டு எங்கே வரலாம், மாடி எப்படி ஏறலாம், வாசலை எப்படி அலங்கரிக்கலாம் என்று மக்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன அளவு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அரை மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை விட்டார்கள். அதில் திண்ணை கட்டலாம், படி வைக்கலாம், மேலே பால்கனி நீட்டலாம். நம் ஊரில் என்ன நடக்கிறது? தெருவில் இரண்டு படி இறக்கினால் அது ஆக்கிரமிப்பு, ஒருநாள் ஜே.சி.பி. வரும், படி போகும், மறுவாரம் மறுபடி படி வரும். மக்கள் எப்படியும் செய்யப்போவதைத் தோஷி முன்கூட்டியே கணக்கில் எடுத்து, அதற்கு இடமும் கொடுத்துவிட்டார். அரை மீட்டர்தான். அதற்குள் எத்தனை சண்டைகள் பிறக்காமலே போயிருக்கும்!

காசுக் கணக்கும் கெட்டிக்காரத்தனமானது. மனைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நலிந்த பிரிவினருக்கு. நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த பெரிய மனைகளையும் கடைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தை ஏழைகளின் மனைக்கு மானியமாகத் திருப்பினார்கள். வசதியானவரும் இல்லாதவரும் ஒரே ஊரில், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும்படி. 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வந்தது. பிரிட்ஸ்கர் அறிவிப்பு வந்தபோது ஆரண்யாவில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் வசிப்பதாகச் சொன்னார்கள்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். மனை பெற்ற ஏழைகள் பலர் நாளடைவில் விற்றுவிட்டுப் போனார்கள். வசதியானவர்கள் வாங்கி இடித்துக் கட்டினார்கள். மாதிரி வீடுகளிலேயே பல அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. ஆரண்யாவின் தோல்வி என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். பட்டா கிடைத்தும் ஒரு ஏழை அந்த இடத்தில் நிற்க முடியவில்லை என்றால் அது வருமானத்தின் பிரச்சினை, கடனின் பிரச்சினை. வரைபடத்தால் தீர்கிற காரியம் இல்லை. ஆனால் மாதிரி வீடு மாறியதைக் குறையாகச் சொல்வது வேடிக்கை. மாறத்தானே கட்டினார்!

நவி மும்பையின் பேலாப்பூரில் சார்லஸ் கொரியா 1980-களில் கட்டிய குடியிருப்புக்கும் இதே கதி. ஏழு வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றம் என்று அமைத்து, எந்த வீடும் அடுத்த வீட்டின் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும்படி செய்தார். ஒருவர் மேலே கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் அல்லவா? இன்று போய்ப் பார்த்தால் கொரியாவின் ஓட்டு வீடுகளில் பல காணாமல் போய், அங்கே காங்கிரீட் பங்களாக்கள் நிற்கின்றன. முற்றங்கள் மட்டும் பிழைத்தன. சிலி நாட்டின் இகிகே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனா 2004-இல் செய்ததும் இதற்கு உறவுதான். 93 குடும்பங்கள், கையில் இருந்த மானியத்தில் நல்ல வீடு கட்ட முடியாது; பாதி வீட்டை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார், பாதியை மக்களுக்கு விட்டார். அவருக்கு 2016-இல் பிரிட்ஸ்கர். வயதில் நாற்பது ஆண்டு மூத்த தோஷிக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அது வந்தது என்பதை ஒரு சின்னப் பொருமலோடு இங்கே பதிவு செய்கிறேன்.

இதெல்லாம் வடநாட்டு, வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஆரண்யாவுக்கு முன்பே சென்னை இதைச் செய்துவிட்டது. உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்து, வீட்டை மக்களிடமே விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்த அதிகாரிகளுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. மனைகள் காலியாகக் கிடந்தன, பாதி கட்டிய சுவர்கள் நின்றன. வேலைக்காகாது என்று முடிவு கட்டி, இந்த வழியை உலகமே மெல்லக் கைவிட்டது. 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மும்பையிலும் சென்னையிலும் இப்படி உருவான இடங்களை இருபது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்து எழுதியது. தோல்வி என்று அன்று கைவிட்டதெல்லாம் கலகலப்பான, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் பகுதிகளாக வளர்ந்து நிற்கின்றன என்பதுதான் சாரம். அரும்பாக்கத்தின் அந்தச் சந்துகளில் நடந்தால் உங்களுக்கே தெரியும். தரைத்தளத்தில் டெய்லர் கடை, முதல் மாடியில் வீட்டுக்காரர், இரண்டாவது மாடியில் வாடகைக் குடித்தனம், அதற்கும் மேலே கம்பி.

வீடு வளர இருபது ஆண்டு ஆகும். திட்ட அதிகாரிக்கோ மூன்று ஆண்டில் மாற்றல் ஆகிவிடும். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததுதான் அடிப்படைச் சிக்கல் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிக்கலின் விளைவை இன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்கிறோம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்களை நகரத்தின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். பெரும்பாக்கத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடங்கள். வெள்ளம் வராத உயரம், உறுதியான கூரை, தனிக் கழிப்பறை. இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன், மழைக்காலத்தில் கரையோரம் படுத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஆறாவது மாடியில் இருக்கும் அம்மா இட்லிக் கடை எங்கே போடுவார்? மகனுக்குக் கல்யாணம் ஆனால் சுவரை எந்தப் பக்கம் தள்ளுவார்? அந்தக் கட்டடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒன்றுகூட இல்லை.

மாடி வீடு என்றாலே வளர முடியாது என்பதும் இல்லை. 1973-இல் அகமதாபாத்தில் எல்.ஐ.சி. நிறுவனத்துக்காகத் தோஷி கட்டிய குடியிருப்பில், பெரிய வீடு தரையில், அதைவிடச் சிறியது நடுவில், மிகச் சிறியது உச்சியில் என்று படிப்படியாக ஒடுங்கும்; மேலே போகப் போக மொட்டை மாடி அதிகம். அந்த மாடியில் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டில் மக்கள் எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள். பால்கனியை மூடினார்கள், சமையலறையைப் பெரிதாக்கினார்கள். தான் வரைந்த முகப்பு இப்படிக் கலைவதைப் பார்த்துப் பொறுமையாக இருக்க ஓர் ஆர்க்கிடெக்ட்டுக்குத் தனி மனசு வேண்டும். பெரும்பாலோருக்குப் புகைப்படம் எடுத்து முடிந்த அன்றே வீட்டில் ஆட்கள் குடிவருவது பிடிப்பதில்லை.

புகைப்படம் என்றதும் இன்னொன்று. வீடு கட்டும் வாசகர்கள் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை 'எலிவேஷன்' பற்றியவை. யூடியூபில் பார்த்த முப்பரிமாணப் படத்தை அனுப்பி, இப்படி வருமா என்று கேட்கிறார்கள். சாம்பல் நிறப் பட்டை, நடுவில் மரக்கலர் அலுமினியத் தகடு, கண்ணாடிக் கைப்பிடி, இரவில் நீலவிளக்கு. திருநெல்வேலி வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் ஒரே முகம். மேற்குச் சுவரில் சன்ஷேடு இல்லாத கண்ணாடியை வைத்துவிட்டு, அந்த அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்குகிறோம். அந்தப் படத்தில் வரும் வீட்டில் துணி காயாது, மாவரைக்கும் இயந்திரம் இருக்காது, வயதான அப்பா கிடையாது. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகு என்பது குடிவந்த நாளோடு முடிந்துபோகும் சங்கதி என்று யார் நம்மை நம்ப வைத்தார்களோ, அவர்கள்மீதுதான் கோபம்.

அரசுத் திட்டங்களில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிகிறது. கிராமப்புறக் குடிசைகளை மாற்ற 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, உதவித்தொகை மூன்றரை லட்சம். அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுப் பயனாளியே தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். 60 சதுர அடி என்பது ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் தீர்ந்துவிடும் இடம்தான். ஆனாலும் அரசாணையில் 'உன் விருப்பம்' என்று ஒரு வார்த்தை வந்திருப்பது சாதாரணமில்லை. இதைத் திட்டமிடுபவர்கள் இன்னும் ஒரு படி போய், பின்னால் அறை சேர்ப்பதற்கான அஸ்திவாரத்தையும் இப்போதே போட்டுக் கொடுத்தால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் போடலாம்.

இந்தத் தையில் கடைக்கால் தோண்டப்போகும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள், எனக்குத் தெரிந்த இன்ஜினியர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். கம்பி விட்டிருப்பதாலேயே அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்கும் என்று பொருள் இல்லை. எத்தனை மாடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று இன்ஜினியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தோடு அந்தக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கட்டுபவர் உங்கள் மகனாக இருப்பார், அன்றைக்கு அந்த இன்ஜினியர் ஊரில் இருக்க மாட்டார். மாடிக்கு விட்ட கம்பியை வெயிலிலும் மழையிலும் அப்படியே நிறுத்தாதீர்கள். சிமெண்ட் பால் பூசி, வலுக்குறைந்த கலவையில் காங்கிரீட் போட்டுச் சுற்றி மூடிவைத்தால், வேண்டியபோது உடைத்து எடுத்துக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களில் இது கட்டாயம். கம்பி ஏற்கெனவே செதில் செதிலாக உதிர்ந்தால் அதன்மேல் பில்லர் எழுப்பும் முன் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். பிற்பாடு அறை சேரப்போகும் பக்கத்துச் சுவரில், வாசல் வரவேண்டிய இடத்துக்கு மேலே இப்போதே ஒரு லிண்டல் போட்டுவிடுங்கள். அன்றைக்குச் செங்கல்லை மட்டும் எடுத்தால் போதும், சுவர் அசையாது. படிக்கட்டை வீட்டுக்குள்ளே ஹாலில் வைக்காமல் வெளிப்பக்கம் வைத்தால் மாடியை வாடகைக்கும் விடலாம், மகனுக்கும் கொடுக்கலாம்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதி. ஆனால் அதில் விண்ணப்பிக்கும் அவசரத்தில் யாரோ ஒருவரின் ரெடிமேட் பிளானைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பிளானில் உங்கள் வீட்டுப் பாட்டி எங்கே உட்காருவார் என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோஷிக்கு 2027 ஆகஸ்டில் நூற்றாண்டு. நம் இதழ் அவருக்கு மாலை போடப்போவதில்லை. உங்கள் வீடுகளைத்தான் தேடப்போகிறது. ஓட்டு வீடாகத் தொடங்கி மாடி வீடாக வளர்ந்ததோ, ஒரே அறை நான்கு அறையானதோ, வீட்டுவசதி வாரியம் கொடுத்த வீட்டை நீங்கள் மாற்றிக்கொண்டதோ, எதுவானாலும் சரி. எந்த ஆண்டு எதைச் சேர்த்தீர்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வரைபடம் வேண்டும், அழகாக இருக்க வேண்டியதில்லை. கோடுபோட்ட தாளில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தது போதும். மார்ச் முடிவதற்குள் வந்துசேருபவை சித்திரை இதழில் இடம்பெறும்.



அன்புடன்,
ஆசிரியர்